பாடாத பெட்டி

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசி மகத் திருவிழாவில் முழங்கும் தவிலும், வீட்டுக் கூடத்தில் அதே தவிலின் பதிவைக் கேட்பிக்கும் ஒலிபெருக்கிப் பெட்டியும் மரத்தால் ஆனவையே எனினும், இரண்டிலும் மரத்துக்குரிய பணி நேர் எதிரானது. பலாக்கட்டையைக் குடைந்து செய்த தவிலின் உடல், தோலின் அதிர்வோடு தானும் சேர்ந்து முழங்கினால்தான் நாதம் பிறக்கும். ஒலிபெருக்கிப் பெட்டியோ தன் குரலை அடக்கிக்கொண்டால்தான் பதிவிலுள்ள தவில் தவிலாகவும் வயலின் வயலினாகவும் காதில் விழும். பதிவான ஒலியைக் கூட்டாமலும் குறைக்காமலும் திருப்பித் தருவதையே ‘ஹைஃபை’ என்கின்றனர். சொந்தமாகப் பெட்டி செய்ய முனையும் எவரும் இவ்வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் இருத்துவது நல்லது.

இன்றைய ஸ்பீக்கரில், காந்தப்புலத்தினுள் நிற்கும் கம்பிச்சுருள் மின்னோட்டத்துக்கேற்ப முன்னும் பின்னும் அசைந்து, தன்னோடு ஒட்டிய கூம்பையும் அசைக்கிறது. அமெரிக்கப் பொறியியலாளர்களான ரைஸ், கெல்லொக் ஆகியோர் இதன் செம்மையான வடிவத்தை 1925இல் வெளியிட்டனர். கொழும்பில் முறையான வானொலி ஒலிபரப்பு தொடங்கியதும் அதே ஆண்டு டிசம்பரில்தான். கூம்பு முன்னே தள்ளும்போது முன்புறக் காற்று அழுந்த, பின்புறக் காற்று நெகிழ்கிறது. பெட்டி இல்லையெனில் எதிரெதிரான இவ்விரு அலைகளும் விளிம்பைச் சுற்றிவந்து ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. விநாடிக்கு 50 தடவை அதிரும், அதாவது 50 ஹேட்ஸ் மீடிறனுள்ள தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீற்றர் ஆதலால், ஒரு சாண் கூம்பின் விளிம்பு அதற்கு ஒரு தடையே அன்று. வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்துக் கேட்கும்போது தவிலின் தொப்பி ஓசை காணாமற்போவது இதனாலேயே.

பெட்டி பின்னலையை அடைத்துவைக்கிறது. ஆனால் அடைபட்ட காற்றும் வில்லுச்சுருள் போலக் கூம்பை எதிர்த்துத் தள்ளுவதால், பெட்டியின் அளவைக் கண்மதிப்பில் தீர்மானிக்க முடியாது. அவுஸ்திரேலியாவில் 1961இல் தீல் என்பவரும், 1970களின் தொடக்கத்தில் ஸ்மோல் என்பவரும் வகுத்த கணக்குமுறை இதற்குத் தீர்வு தந்தது. ஸ்பீக்கரின் தரவுத்தாளில் மூன்று எண்களைத் தேட வேண்டும்: கூம்பு இயல்பாக அதிரும் பரிவு மீடிறன், கூம்பின் தொங்கலுக்கு இணையான விறைப்புடைய காற்றின் கனவளவு, அதிர்வு எத்துணை விரைவில் அடங்குகிறது என்பதைக் குறிக்கும் மொத்தத் தரக்காரணி. இவை முறையே 45 ஹேட்ஸ், 20 லீற்றர், 0.4 எனக் கொண்டால், காற்றுப்புகாத மூடிய பெட்டிக்கு உகந்த 0.7 என்ற தரக்காரணியை அடைய 9½ லீற்றர் அளவு இடம் போதும். 18 சென்ரிமீற்றர் அகலம், 20 சென்ரிமீற்றர் ஆழம், 26 சென்ரிமீற்றர் உயரம் கொண்ட உள்வெளி அதற்குக் கிட்டத்தட்டச் சரியாகும். அப்பெட்டியில் தாழ்ந்த ஒலி 80 ஹேட்ஸ் அளவிலிருந்து படிப்படியாகக் குறையத் தொடங்கும். இந்த எண்கள் தரப்படாத ஸ்பீக்கர், மலிவாகக் கிடைத்தாலும், முதல் முயற்சிக்கு ஏற்றதன்று.

பலா வாத்தியத்துக்கு உயர்ந்த மரமாயினும், அதன் அகன்ற பலகை ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்குவதால் மூலைப் பொருத்துகள் நாளடைவில் வாய்விடக்கூடும். மரநார்களைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையின் வெட்டுவிளிம்பு, மாத்தளையில் ஒக்டோபருக்குப் பின் பெய்யும் மழைக்காலத்து ஈரத்தில் பூச்சின்றி விடப்பட்டால் ஊதிப்போகும். மெல்லிய மரத்தகடுகள் நார்த்திசை குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்ட 18 மில்லிமீற்றர் பிளைவுட்டே இவ்விடத்துக்குப் பொருத்தமானது. எதிரெதிர்ச் சுவர்களை இணைத்து உள்ளே ஒரு குறுக்குக்கட்டையும் ஒட்டிய பின், விரல்முட்டியால் தட்டிப் பார்க்கையில் ‘டொக்’ என்று அடங்கினால் பெட்டி தேறிவிட்டது. ‘டங்’ என்று நீண்டால் இன்னும் ஒரு கட்டை வேண்டும். தச்சர்களுக்குப் பழக்கமான வெள்ளைப் பசை பொருத்துகளுக்குப் போதுமானது.

தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உயர்ந்த ஒலியை டுவீட்டருக்கும் பிரித்தனுப்பும் குரொஸ்ஓவர் என்ற மின்சுற்று தனிப்படிப்பைக் கோருவது. ஆகவே தொடக்கநிலையில், பெரும்பாலான ஒலியைத் தானே எழுப்பும் முழுவீச்சு ஸ்பீக்கர் ஒன்றை ஒவ்வொரு பெட்டியிலும் பொருத்துவதே அறிவுடைமை.

பொருத்தியதும் 1.5 வோல்ற்று மின்கலம் ஒன்றின் நேர்முனையைச் சிவப்பு முனையிலும் எதிர்முனையைக் கறுப்பு முனையிலும் ஒரு கணம் தொட்டால், இரு பெட்டிகளின் கூம்புகளும் ஒரே திசையில் அசைய வேண்டும். ஒன்று முன்னும் மற்றது பின்னும் சென்றால், சேர்ந்து ஒலிக்கும்போது தாழ்ந்த ஒலி மறைந்துபோகும் என்பதால் ஒன்றின் கம்பிகளை மாற்றிப் பூட்ட வேண்டும். இறுதியாக, கூம்பை விரல்நுனிகளால் சமமாக, மெல்ல உள்ளே அழுத்திவிட வேண்டும்: அது உடனே துள்ளித் திரும்பினால் எங்கோ ஓர் இடுக்கில் காற்றுக் கசிகிறது, தயங்கித் தயங்கி மேலெழுந்தால் பெட்டி காற்றுப்புகாமல் மூடியிருக்கிறது.