பறங்கி மொழி பழகினால் பிள்ளையின் தமிழ் தடுமாறுமா?

1628-ல் மட்டக்களப்பில் கோட்டை கட்டிய போர்த்துக்கேயர் பத்தே ஆண்டுகளில் அதை ஒல்லாந்தரிடம் இழந்தனர். போர்த்துக்கேயர் விட்டுப்போன கலப்புமொழியான பறங்கி மொழியோ, அவர்கள் வழிவந்த வாவிக்கரைப் பறங்கியர் வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. ஆனால் பேசுவோர் பெரும்பாலும் முதியவர்கள். பிள்ளைகளுக்குத் தமிழே முதல்மொழி. முன்பள்ளி நேரம் முழுதும் பறங்கி மொழியிலேயே பேசிப் பழக்கினால் நாலு வயதுப் பிள்ளையின் தமிழ் இலக்கணம் குழம்பாதா என்ற அச்சம் எழுவது இயல்பு. அந்த அச்சத்துக்கு ஆதாரம் குறைவு என்பேன். 1965-ல் மொன்றியல் அருகே செயின்ட் லாம்பேர்ட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் முழுக்கப் பிரெஞ்சில் படிக்கத் தொடங்கினர். ஆங்கில வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் முதலில் பின்தங்கினாலும், ஆங்கிலப் பாடம் வந்தபின் பெரும்பாலும் ஈடுகட்டினர், பேச்சாங்கிலம் நலியவில்லை. முதல் ஆண்டோடு அளவெடுப்பை நிறுத்தியிருந்தால் தோல்வி என்றே எழுதியிருப்பார்கள்.

மட்டக்களப்பில் இன்னொரு சுவையான நிலை உண்டு. நூற்றாண்டுகளாகத் தமிழோடு புழங்கியதில் பறங்கி மொழியின் வாக்கியமும் தமிழ் வாக்கியம்போலவே வினையில் முடிகிறது. வேற்றுமை உருபும் பெயருக்குப் பின்னே ஒட்டுகிறது. இயன் சிமித் போன்ற மொழியியலாளர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். காலம் காட்டுவதில் மட்டும் வழி வேறு: தமிழில் ‘வந்தான்’ என்ற சொல்லுக்குள் நடுவே ஒளிந்திருக்கும் கால உருபு, அங்கே வினைக்கு முன்னால் வெளிப்படையாக நிற்கும். இரண்டையும் கேட்கும் பிள்ளைக்கு, காலம் என்பது சொல்லில் கழற்றிப் பார்க்கக்கூடிய ஒரு துண்டு என்பது எளிதில் பிடிபடலாம். இது என் ஊகம், முடிந்த முடிபல்ல. இவ்வளவு ஒத்த மொழிகள் கலந்துவிடாதா என்றால், கலக்கும். இருமொழிப் பிள்ளைகள் எங்கும் அப்படித்தான். யாரிடம் எதைப் பேசுவது என்று அவர்கள் சிறுவயதிலேயே பிரித்தறிகிறார்கள். கடை, பாடசாலை, தெரு எல்லாம் தமிழாயிருக்கும் ஊரில் அரைநாள் முன்பள்ளி தமிழை விழுங்காது. (இதே கேள்வியை ஆங்கில வகுப்பில் சேர்க்கும்போது நாம் கேட்பதில்லை.)

செயின்ட் லாம்பேர்ட்டைக் காட்டி இங்கே பேசலாமா, பிரெஞ்சுக்கு ஆசிரியரும் புத்தகமும் நிறைய உண்டே என்பதுதான் வலுவான மறுப்பு. பேசுவோர் அருகிய மொழிகளில் நிலை வேறுதான்: அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 2001-ல் முழுக்கச் செரோக்கிப் பழங்குடி மொழியிலேயே நடக்கும் பள்ளி தொடங்கியவர்களிடம் 1821-லேயே செக்கோயா வகுத்த எழுத்துமுறை இருந்தது. சரளமாகப் பேசும் ஆசிரியர்தான் அரிதாயினர். மட்டக்களப்பில் பறங்கியர் வாழும் பனிச்சையடியிலும் டச்பாரிலும் அதேதான் சிக்கல். அங்கே தமிழுக்கு ஆபத்தில்லை; பிள்ளைகளோடு நாள்தோறும் மணிக்கணக்கில் பறங்கி மொழியில் பேச உடலில் தெம்புள்ள பெரியவர்கள் எத்தனை பேர் கிடைப்பார்கள் என்பதே கேள்வி.