நியூசிலாந்துச் சாலைப் பயணம்: வெலிங்டனுக்கு இரண்டு இரவு ஒதுக்குங்கள்

டிசம்பர் பள்ளி விடுமுறையில் நியூசிலாந்து செல்லும் குடும்பங்கள் சில, ஆக்லாந்தில் காரை வாடகைக்கு எடுத்து, இரு தீவுகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு, கிறைஸ்ட்சர்ச்சில் விமானம் ஏறுகின்றன. ஏரி, எரிமலை, திமிங்கிலம் என்று நிரம்பிய அந்தத் திட்டத்தில் தலைநகர் வெலிங்டனுக்குக் கிடைப்பது ஓர் இரவுதான். களைத்து வந்து படுத்து, விடிந்ததும் தென்தீவு செல்லும் ஃபெர்ரியைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கிறது. அங்கே இரண்டு இரவு தங்கினால் பயணம் பாதுகாப்பாகவும் அமையும், பொருளுள்ளதாகவும் அமையும்.

தூரமும் நேரமும்

ஆக்லாந்திலிருந்து வெலிங்டன் ஏறக்குறைய 650 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு செல்லும் தூரத்தைவிடச் சற்றுக் குறைவு. ஆனால், மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஓட்டிய அனுபவத்தை வைத்து இங்கே நேரத்தைக் கணக்கிடக் கூடாது. பல இடங்களில் திசைக்கு ஒரு தடம் மட்டுமே இருக்கும். வளைவுகளும் ஏற்ற இறக்கங்களும் அதிகம். திறந்த சாலைகளில் வேக வரம்பு பொதுவாக மணிக்கு 100 கிலோமீட்டர் என்றாலும் எல்லா இடத்திலும் அந்த வேகத்தில் செல்ல முடியாது. நிற்காமல் ஓட்டினாலே எட்டு மணி நேரம் ஆகும்.

எனவே, முதல் நாள் டாப்போ ஏரிக்கரையில் தங்குவது நல்லது. நியூசிலாந்தின் ஆகப் பெரிய ஏரியான இதன் பரப்பு 616 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைவிடச் சற்றே சிறியது. மறுநாள் தெற்கே செல்லும்போது ‘டெசர்ட் ரோடு’ எனப்படும் சாலை வரும். அதற்கு மேற்கே டோங்காரிரோ தேசியப் பூங்காவின் எரிமலைகள் தெரியும். அவற்றில் உயரமானது 2,797 மீட்டர் கொண்ட ருவாபெகு. ஜூன் விடுமுறையில் செல்வோர் கவனிக்கவும்: அப்போது அங்குக் குளிர்காலம். பனி பெய்தால் இந்தச் சாலை மூடப்படலாம்.

வெலிங்டனை நெருங்கும்போது இரண்டு வழிகள் பிரியும். 2022ல் திறக்கப்பட்ட ‘டிரான்ஸ்மிஷன் கல்லி’ விரைவுச்சாலை 27 கிலோமீட்டர் நீளமுள்ளது. மலைகளுக்கிடையே விரைவாகக் கொண்டுசேர்க்கும். பேகாகாரிகி வழியாகச் செல்லும் பழைய சாலையோ கடலை ஒட்டியே போகும். காபிட்டி தீவும் கண்ணில் படும். அவசரம் இல்லையென்றால் பழைய சாலையே சிறந்தது.

நடுவில் அமைந்த தலைநகர்

சாலை முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் தலைநகர் இருப்பது தற்செயல் அன்று. 1865 வரை ஆக்லாந்துதான் தலைநகர். 1861ல் தென்தீவின் ஒடாகோ வட்டாரத்தில் தங்கம் கிடைத்ததும் அங்கு மக்களும் செல்வமும் பெருகின. தொலைவிலுள்ள ஆக்லாந்தின் ஆட்சியை ஏற்காமல் தென்தீவு தனியே பிரிந்துவிடுமோ என்ற கவலை எழுந்தது. அதனால், இரு தீவுகளையும் பிரிக்கும் குக் நீரிணையின் கரையில் தலைநகரை அமைக்க முடிவானது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மூன்று ஆணையர்கள் வெலிங்டனைத் தேர்ந்தெடுத்தார்கள்.

காரை விட்டுவிட்டு நடக்கலாம்

நகர மையம் சிறியது. தங்குமிடத்தில் காரை நிறுத்திவிட்டு ஒரு முழு நாளும் நடந்தே சுற்றலாம். ‘லேம்ப்டன் கீ’ என்ற கடைத்தெருவில் தொடங்குங்கள். போட் கீ, கிளார்க் கீ என்று சொல்லிப் பழகிய நமக்கு அங்கே தண்ணீரே இல்லாதது வியப்பளிக்கும். 1855ல் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கம் தரையை உயர்த்தியது. பிறகு நில மீட்பும் நடந்தது. நம் பீச் ரோட்டைப் போலவே அந்தத் தெருவும் கடலைவிட்டு விலகிப் போனது.

அங்கிருந்து 1902ல் தொடங்கப்பட்ட கேபிள் காரில் ஏறினால் தாவரவியல் பூங்காவின் உச்சியை அடையலாம். அருகிலுள்ள நாடாளுமன்றத்தை வழிகாட்டியுடன் இலவசமாகப் பார்க்கலாம், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். நிலநடுக்கத்தைத் தாங்குவதற்காக, அந்தப் பழைய கட்டடம் 1990களில் 400க்கும் மேற்பட்ட தாங்கிகள்மீது அமர்த்தப்பட்டது.

தமிழ் எழுத்துகள் கொண்ட மணி

துறைமுகக் கரையிலுள்ள தேசிய அரும்பொருளகம் ‘தே பாப்பா’. அதன் சேகரிப்பில் ஒரு கப்பல் மணியின் உடைந்த பகுதி இருக்கிறது. வடதீவின் வடபகுதியில் மாவோரி மக்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக அதைப் பயன்படுத்திவந்தனர். 1836 வாக்கில் வில்லியம் கொலன்சோ என்ற சமயப் பணியாளர் அதைக் கண்டார். வெண்கலத்தில் பொறிக்கப்பட்டிருந்தவை தமிழ் எழுத்துகள். முகையதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி என்பது அவற்றின் பொருள். அது அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது இன்றும் விடை தெரியாத கேள்வி. தமிழ் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள். காட்சிப் பொருள்கள் மாறுவதால், மணி பார்வைக்கு இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரிப்பது நல்லது. 2024 செப்டம்பர் முதல் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள வெளிநாட்டினருக்கு 35 நியூசிலாந்து வெள்ளி கட்டணம் வசூலிக்கப்படுகிறது.

ஃபெர்ரியில் ஏறும் முன்

வெலிங்டனிலிருந்து தென்தீவின் பிக்டனுக்கு ஃபெர்ரியில் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம் பசுமலைகளுக்கிடையே நீர்வழியில் செல்வது, முழுப் பயணத்திலும் மறக்க முடியாத காட்சியாக அமையக்கூடும். முன்னதாக இவற்றைக் கவனியுங்கள்:

* எல்லா வாடகை நிறுவனங்களும் காரைக் கடல் கடந்து கொண்டுசெல்ல அனுமதிப்பதில்லை. சில நிறுவனங்கள் காரை வெலிங்டனில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிக்டனில் வேறு காரை எடுத்துக்கொள்ளச் சொல்லும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள்.

* காருடன் செல்வதென்றால் டிசம்பர், ஜனவரி மாதங்களுக்குப் பல வாரங்கள் முன்னதாகவே இடம் பதிவு செய்யுங்கள்.

* குக் நீரிணை பலத்த காற்றுக்குப் பெயர்போனது. கடல் கொந்தளித்தால் ஃபெர்ரி தாமதமாகலாம் அல்லது ரத்தாகலாம். குமட்டல் மாத்திரை கைவசம் இருக்கட்டும். ஊருக்குள்ளும் காற்று வீசும்போது கார்க் கதவைப் பிடித்துக்கொண்டே திறக்க வேண்டும்.

* நியூசிலாந்திலும் சாலையின் இடப்பக்கமே ஓட்ட வேண்டும். உரிமம் ஆங்கிலத்தில் இல்லையென்றால் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்போ அனைத்துலக ஓட்டுநர் அனுமதியோ தேவை.

இரண்டாவது இரவின் பயன் இங்கேதான் தெரியும். ஃபெர்ரி ரத்தானாலும் திட்டம் குலையாது. ஓட்டுபவர் ஒரு நாள் முழுவதும் ஓய்வெடுத்திருப்பார். பிக்டனிலிருந்து கைக்கோரா வழியாகக் கிறைஸ்ட்சர்ச் செல்ல இன்னும் 340 கிலோமீட்டர் ஓட்ட வேண்டியிருக்கிறது. 2016 நிலநடுக்கத்தில் துண்டிக்கப்பட்டு, ஓராண்டுக்கும் மேலாகச் சீரமைக்கப்பட்ட அந்தக் கடலோரச் சாலையைத் தூக்கக் கலக்கத்துடன் கடக்க வேண்டாம்.