வடிவமைப்புப் பட்டம்: செலவும் பெறுமதியும்

ஜெயபுரம் போன்றதொரு கிராமத்து மாணவி வடிவமைப்புத் துறையைத் தெரிவுசெய்ய விரும்பினால், பெற்றோர் முதலில் வினவுவது செலவைப் பற்றியே. அது நியாயமான வினா.

1945 முதல் நடைமுறையிலுள்ள இலவசக் கல்வியின் பயனாக, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு வடிவமைப்புப் பட்டத்துக்குக் கற்கைக் கட்டணம் இல்லை. ஆயினும் இசட் புள்ளியோடு உளச்சார்புப் பரீட்சையிலும் தேற வேண்டும், கற்பித்தல் ஆங்கிலத்தில். விடுதி, கணினி, வரைபொருள் ஆகியவற்றின் செலவும் குடும்பத்தையே சாரும்.

கொழும்பின் தனியார் நிறுவனங்கள் சில, வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டங்களை வழங்குகின்றன. இங்கு கட்டணத்தோடு நாணய மாற்றையும் கணக்கிட வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. வெளிநாட்டு நாணயத்தில் செலுத்தும் கட்டணமாயின், அதே பட்டத்தின் விலை இரண்டே மாதங்களில் முக்கால் பங்குக்கு மேல் உயர்ந்திருக்கும். காணியை ஈடுவைக்குமுன் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இத்துறையில் வேலை தருவோர் சான்றிதழோடு மாணவரின் ஆக்கத் தொகுப்பையும் பார்க்கின்றனர். எனவே பயிற்சிக்காலம், தொழிற்றுறைத் தொடர்பு, பட்டத்தின் அங்கீகாரம் ஆகியவற்றை விசாரித்தறிவதே பெறுமதியை அளக்கும் வழி.

கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலைகளில் எம் பெண்பிள்ளைகள் தைக்கின்றனர். அவ்வாடைகளை வரையும் மேசையிலும் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அமர வேண்டாமா?