தோல் உரித்த விமானங்கள்

வீட்டில் துருதுருவென்று ஒரு பையன் இருந்தால் அலாரம் கடிகாரத்துக்கு ஆயுசு கெட்டியில்லை. உள்ளே என்னதான் இருக்கிறது என்று திருகாணியைக் கழற்றிப் பார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது.

இந்த ஆசையையே தொழிலாகக் கொண்ட சித்திரக்காரர்கள் பிரிட்டனில் இருந்தார்கள். அவர்கள் பிரித்துக் காட்டியது கடிகாரத்தை அல்ல. இரண்டாவது உலக யுத்தத்தில் பறந்த போர் விமானங்களை! 'ஃப்ளைட்' பத்திரிகைக்கு மாக்ஸ் மில்லரும், 'தி ஏரோப்ளேன்' பத்திரிகைக்கு ஜே. எச். கிளார்க்கும் வரைந்த படங்களில், விமானத்தின் மேல்தோல் அங்கங்கே உரிந்திருக்கும். உள்ளே விலா எலும்புகள், பெட்ரோல் தொட்டிகள், குழாய்கள், ஆசனங்கள் எல்லாம் தெரியும்.

"போட்டோ எடுத்தால் போதாதா?" என்று கேட்கலாம். போதாது. காமிரா வெளியே நின்றால் வெளிப்புறத்தைத்தான் காட்டும். உள்ளே போனால் ஒரு மூலையைத்தான் காட்டும். எஞ்சினீயரின் வரைபடமோ நமக்குப் புரியாது. சித்திரக்காரர் இரண்டையும் கலந்து, எதை மறைப்பது, எதைத் திறப்பது என்று தீர்மானிக்க வேண்டும். அதில்தான் சாமர்த்தியம்!

படம் வெறும் வேடிக்கைக்காக அல்ல. சுட்டு வீழ்த்தப்பட்ட ஜெர்மன் விமானங்களையும் ஆராய்ந்து இப்படி வரைந்தார்கள். எதிரியின் பெட்ரோல் தொட்டி எங்கே, கவசத் தகடு எங்கே என்று தெரிந்தால்தானே குறி வைக்க முடியும்?

நம் கண்ணுக்குப் பழகிய பொருள்களும் இந்தப் படங்களில் அகப்படும். 'வெல்லிங்டன்' விமானத்தின் உள்கூடு, உலோகப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய பிரப்பங்கூடை மாதிரி. பார்ன்ஸ் வாலிஸ் என்ற நிபுணரின் யோசனை அது. அதன் மேலே போர்த்தியிருந்தது துணிதான்! 'மாஸ்கிட்டோ'வோ பெரும்பாலும் மரம். மேஜை நாற்காலி செய்து வந்த தொழிலாளர்கள் அதன் பாகங்களைச் செய்தார்கள்.

1941-ல் முதன்முதலாகப் பறந்த 'லங்காஸ்டர்' குண்டு விமானத்தின் படத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். சிறகுக்குச் சிறகு 102 அடி அகலம், நாலு எஞ்சின்கள், ஏழு மனிதர்கள். வயிற்றில் 33 அடி நீளத்துக்குக் குண்டு அறை. மனிதர்களுக்கு மிச்சம் கிடைத்தது ஒரு சந்துதான். அதன் குறுக்கே சிறகைத் தாங்கும் உத்தரம் வேறு. கனத்த உடுப்போடு அதைத் தாண்டிக் குதிக்க வேண்டும். வெந்நீர்ப் பானை பக்கத்தில் உட்கார்ந்தவர் போல ரேடியோக்காரர் வியர்த்துக் கொட்டுவார். வாலில் இருக்கும் துப்பாக்கி வீரர் குளிரில் விறைத்துப் போவார்.

அந்த வால் பகுதியைக் கவனியுங்கள். கண்ணாடிக் கூண்டில் தன்னந்தனியாக ஒருவர். அவருடைய பாரசூட் எங்கே? கூண்டில் அதற்கு இடமில்லை! கதவுக்கு வெளியே மாட்டியிருக்கிறது. விமானம் தீப்பற்றினால் அவர் கூண்டை நேராகத் திருப்பி, கதவைத் திறந்து, கையை நீட்டி அதை எடுத்து மாட்டிக் கொண்ட பிறகே குதிக்க வேண்டும். அதற்குள் என்னவெல்லாம் நடந்துவிடும்! பிரிட்டனின் குண்டு விமானப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இருபது வயதைச் சற்றே தாண்டியவர்கள். அத்தனை வீட்டிலும் ஒரு தாய் வாசலைப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

படத்தில் இல்லாதவர்களும் உண்டு. அந்த 33 அடி அறை திறந்தபோது கீழே இருந்தவர்கள். 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரில் பல்லாயிரம் பேர் தீக்கிரையானார்கள். அதற்கு முன் 1940-ல் ஜெர்மன் குண்டுகள் லண்டனில் விழுந்தபோது, பல வீடுகளில் ஒரு பக்கத்துச் சுவர் மட்டும் சரிந்தது. தெருவில் நின்றவர்களுக்கு மாடிப்படி தெரிந்தது, கட்டில் தெரிந்தது, சுவரில் தொங்கிய படம் தெரிந்தது.

அவையும் உள்ளே இருப்பதை வெட்டிக் காட்டிய காட்சிகள்தான். அவற்றை வரைய எந்தச் சித்திரக்காரரும் தேவைப்படவில்லை.