சிபியு பின் வளைஞ்சா உடனே தூக்கிப் போட்டுடாதீங்க

“கூலரைக் கழட்டுனேங்கண்ணா, ப்ராசஸரும் கூடவே வந்துடுச்சு.” இப்படி ஒரு போன் வந்தா அடுத்த வரி என்னன்னு எனக்குத் தெரியும். பின் வளைஞ்சிருக்கும்.

இந்தத் தடவை கூப்பிட்டது குமாரபாளையத்துத் தம்பி ஒருத்தன். என்ஜினியரிங் ரெண்டாம் வருஷம், அப்பா விசைத்தறி ஓட்டுறவரு. செகண்ட் ஹேண்டுல வாங்குன ரைசன் 5 3600. இன்னொண்ணு வாங்க இப்போ வீட்ல காசு இல்ல.

ஏஎம்4 சாக்கெட்டுக்கான ப்ராசஸர்ல அடிப்பக்கம் 1331 பின் இருக்கும். சாக்கெட் அதைப் பக்கவாட்டுல மட்டும்தான் இறுக்கிப் பிடிக்கும், மேல இருந்து அமுக்கி வைக்க எதுவும் கிடையாது. தெர்மல் பேஸ்ட் காஞ்சு பசை மாதிரி ஆயிட்டா, லீவர் பூட்டியிருந்தாலும் கூலரை இழுக்கும்போது ப்ராசஸரும் பிடுங்கிக்கிட்டு வந்துடும். அதனால கழட்டுறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரைப் பத்து நிமிஷம் ஓட விட்டு, பேஸ்ட் சூடானதும் ஆஃப் பண்ணி, கூலரை இடமும் வலமுமா மெதுவாத் திருகி எடுக்கணும். இன்டெல் 2004லயே பின்னை மதர்போர்டு பக்கம் மாத்திடுச்சு, ஏஎம்டி 2022ல ஏஎம்5 வந்தப்போ மாத்துச்சு. அங்க வளைஞ்சா இதைவிடத் தலைவலி, ஏன்னா அது ஸ்பிரிங் மாதிரி வளைஞ்ச வடிவத்துலயே இருக்கும்.

சரி, வீடியோ கால்ல பார்த்தோம். டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சு, வரிசை வரிசையா கேமராவுல ஜூம் பண்ணா எது சாஞ்சிருக்குன்னு தெரிஞ்சிடும். நாலு பின். மூணு லேசா, ஒண்ணு கிட்டத்தட்ட படுத்தே போச்சு.

லேசா சாஞ்சதுக்குப் பழைய ஏடிஎம் கார்டு போதும். வரிசைக்கு நடுவுல விட்டு மெதுவா நிமித்தலாம். படுத்ததை முதல்ல மெல்லிய பிளேடால கொஞ்சம் தூக்கிவிட்டு, அப்புறம் லெட் எடுத்த 0.5 மைக்ரோ டிப் பென்சிலோட முனையை அது மேல மாட்டி நிமித்தணும். ஒரே மூச்சுல வேண்டாம். கம்பியை இப்படியும் அப்படியும் மடக்குனா எப்படி உடையுமோ, பின்னும் அப்படித்தான். ஒவ்வொரு மடக்குக்கும் உலோகம் இறுகி, அப்புறம் பட்டுனு போயிடும். ஒரே திசையில, கொஞ்சம் கொஞ்சமா. தொடங்குறதுக்கு முன்னாடி ஸ்டேட்டிக் போக ஏதாவது எர்த் ஆன உலோகத்தைத் தொட்டுக்கோங்க.

தம்பிக்குக் கை நடுங்குது. பக்கத்துல இருந்த அவங்க அம்மா, “நான் வேணா பண்ணட்டுங்களா தம்பி?”ன்னாங்க. அவங்க அச்சு பிணைக்கிற வேலைக்குப் போறவங்க. புதுப் பாவுல ஆயிரக்கணக்கான இழை, ஒவ்வொண்ணா பழைய இழையோட பிணைக்கணும். அந்தக் கைக்கு 1331ல ஒண்ணு எம்மாத்திரம்? எனக்கு யூடியூப்ல பார்த்த எந்த டெக்னீஷியனை விடவும் அவங்க மேல நம்பிக்கை வந்துச்சு.

நிமித்துனது சரியான்னு சாக்கெட்டே சொல்லும். லீவரைத் தூக்கி, முக்கோணக் குறியைச் சேர்த்து வெச்சா ப்ராசஸர் தன் எடையிலேயே உள்ள இறங்கணும். இறங்கலேன்னா விரலால அமுக்காதீங்க, எடுத்து மறுபடி பாருங்க.

ஒருவேளை உடைஞ்சா? எந்த பின்னுங்கறதைப் பொறுத்தது. பவருக்கும் கிரவுண்டுக்கும் நிறைய பின் இருக்கு, அதுல ஒண்ணு போனா ஓடவும் வாய்ப்பு உண்டு. மெமரி பின் போனா ஒரு பக்க ரேம் காணாமப் போகலாம். அதனால பூட் ஆனதும் குதிக்காம பயாஸ்ல ரேம் கணக்கைப் பாருங்க. தம்பி போட்டிருந்தது ரெண்டு 8 ஜிபி. பயாஸ்ல 16ன்னு வந்துச்சு.