தறியோடு வந்த மொழி

தாராசுரம் என்பதே தேய்ந்துபோன பெயர். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் ஐராவதேசுவரர் கோயிலை எடுப்பித்தபோது ஊருக்குப் பெயர் இராசராசபுரம். சனங்களின் நாக்கில் உருண்டு உருண்டு தாராசுரம் ஆயிற்று. 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற அந்தக் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் கல் யானையையும் குதிரையையும் படம் பிடித்துக்கொண்டு கும்பகோணத்துக்கு வண்டியேறிவிடுகிறார்கள். நெசவுத் தெருக்களுக்குள் கொஞ்சம் நடந்தால் வேறொரு மொழி காதில் விழும். பட்டுநூல்காரர் வீடுகளில் பேசும் சௌராஷ்டிரம். அய்யம்பேட்டை, மதுரை, பரமக்குடி, சேலம் என்று தறி போன ஊருக்கெல்லாம் அதுவும் போயிருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 2,47,702 பேர்.

மூன்றுக்கு 'தின்', நாலுக்கு 'சார்', ஐந்துக்கு 'பாஞ்ச்'. கேட்டதுமே குஜராத்தி, மராத்தி வகையறா என்று தெரிந்துவிடும். எண்ணுப்பெயர்கள் லேசில் உதிர்வதில்லை. ஹவாய்த் தீவுகளில் ஐந்து 'லிமா'. மலேசியாவில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள், மலாயிலும் 'லீமா'தான். இடையில் கிடப்பது பசிபிக் பெருங்கடல். படகேறிப் போனவர்கள் விரல்விட்டு எண்ணுவதை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

மற்ற சொற்களின் கதை வேறு. சௌராஷ்டிரத்தில் தெலுங்குச் சொற்கள் ஏராளம். விஜயநகர நாட்டில் நெடுங்காலம் தங்கி வந்ததன் வரவு என்பார்கள். அதற்கென்று இருக்கும் எழுத்தில் எ-வுக்கும் ஏ-வுக்கும், ஒ-வுக்கும் ஓ-வுக்கும் தனித்தனி வடிவம் உண்டு. தேவநாகரியில் இந்திக்காரர் எழுதும்போது அந்த வேறுபாடு தேவைப்படுவதில்லை. தெற்கே வந்து வாழ்ந்த மொழிக்குத் தேவைப்பட்டது. தறியைச் சுற்றிய பேச்சில் பாவு, ஊடை, அச்சு, கோர்வை எல்லாம் தமிழ். மேலே தொங்கும் ஜக்கார்டு பெட்டியோ பிரான்சின் லியோன் நகரத்துக்காரர் ஒருவரின் பெயர்! வேற்றுச் சொல்லை வாங்குவதில் ஹவாய்க்காரர்களும் இப்படித்தான். மெய்யெழுத்து எட்டே எட்டு வைத்துக்கொண்டு 'மெரி கிறிஸ்துமஸ்' என்பதை 'மெலே கலிக்கிமாகா' ஆக்கிவிட்டார்கள்.

பட்டுநூல்காரர் பூர்விகம் பற்றிப் பேசினால் மந்தசோர் கல்வெட்டைக் காட்டுவார்கள். குமாரகுப்தன் காலத்தில், லாட நாட்டிலிருந்து தசபுரத்துக்கு, அதாவது மந்தசோருக்கு, வந்த பட்டு நெசவாளர் சங்கம் சூரியனுக்குக் கோயில் கட்டியதையும் பிறகு பழுதுபார்த்ததையும் சொல்லும் 5-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அது. பெருமைப்பட ஏற்ற சான்றுதான். ஆனால் லாடம் தென் குஜராத். சௌராஷ்டிரம் கடலுக்குள் நீண்ட தீபகற்பம். பட்டு நெய்தவர் எல்லாரும் ஒரே கூட்டம் என்று முடிவுகட்டக் கல்வெட்டு இடம் தரவில்லை. என்னைக் கேட்டால் கல்வெட்டைவிடச் சொற்களை நம்பலாம்.

இந்த மொழிக்கு இலக்கியமும் உண்டு. தியாகராசரின் சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் அய்யம்பேட்டையில் வாழ்ந்தவர். அதே ஊர் வேங்கடசூரி சுவாமிகள் இராமாயணத்தையே சௌராஷ்டிரத்தில் பாடிவைத்தார். மதுரையில் தொ.மு. இராமராய் அச்செழுத்து வார்த்துப் பாடநூல் போட்டார். ஜப்பானியரான நொரிஹிகோ உச்சிடா தொகுத்த அகராதி 1990-இல் ஜெர்மனியில் வெளியாயிற்று. 2008-இல் சௌராஷ்டிர எழுத்துக்கு யூனிகோடிலும் இடம் கிடைத்தது. ஆனாலும் எந்த எழுத்தில் எழுதுவது என்ற சண்டை ஓயவில்லை. சொந்த எழுத்தா, தேவநாகரியா, மேலே சிறு எண் போட்ட தமிழா? பெரும்பாலோர் படிக்கத் தெரிந்தது தமிழ் எழுத்துதான்.

ஹவாயில் 1896-இல் பள்ளிப் பாடமொழி ஆங்கிலம் மட்டுமே என்று சட்டம் போட்டார்கள். 1984-இல் சிலர் தாங்களாகவே ஹவாய் மொழிப் பாலர் பள்ளியைத் தொடங்கித் தங்கள் மொழியை மீட்க இறங்கினார்கள். சௌராஷ்டிரத்தை யாரும் தடைசெய்யவில்லை. தறியை விட்டுப் போகும் பிள்ளைகளோடு மெல்ல நழுவுகிறது. பேசுகிறவர்கள் இருக்கும்போதே சமையல்கட்டுச் சொல், தறிச்சொல், வசவு எல்லாவற்றையும் கைபேசியில் பதிவுசெய்துகொள்ளலாம். எழுத்துச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளட்டும்.