கைத்திறமைக்கு ஒரு கடதாசி

நம் அயலிலே மேசனார் ஒருவர் இருக்கிறார். பதினான்காம் வயதிலே தமையனாருடன் சாந்து குழைக்கப் போனவர். இன்று ஐம்பதை அண்மித்துவிட்டார். தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்குமுன்னரே, சுவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதென்று கண்ணாலே கண்டு சொல்லிவிடுவார். வெளிநாட்டிலே கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வியுற்று, சென்ற ஆண்டு கொழும்புக்குச் சென்றார். அங்கே அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: "சான்றிதழ் இருக்கிறதா?" இல்லை என்றதும் சாதாரண கூலியாளர் பட்டியலிலே அவர் பெயரை எழுதிக்கொண்டார்கள். அவரிடமே நான்கு மாதம் வேலை பழகிய இளைஞன் ஒருவனும் உடன் சென்றிருந்தான். பயிற்சி நிலையத்துச் சான்றிதழ் கையில் இருந்தமையால் அவன் மேசன் என்றே பதியப்பட்டான்.

"எனக்கு அந்தப் பெடியனில் கோபமில்லை, ஐயா. வீட்டிலே மனுசிக்கு இதை எப்படிச் சொல்வதென்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்" என்றார் அவர் நம்மிடம்.

முப்பத்தைந்து ஆண்டு அநுபவத்தை ஒரு கடதாசிக்குக் கீழாக மதிப்பது அநீதி என்று சொல்லிவிடுதல் எளிது. ஆயின் மேசனாரை முன்பின் அறியாத ஒருவன் எதைக் கொண்டு அவரை அளப்பான்? நம் ஊரிலே அவர் கட்டிய வீடுகளே அவருக்குச் சாட்சி. கடல் கடந்தவிடத்து அந்த வீடுகள் கூட வருவதில்லை. கடதாசி வேண்டியதுதான். அதனை அவர் பெறுவதற்கு வழி உண்டா என்பதே கேள்வி.

உண்டு. நம்மவரிற் பலர் அதனை அறியாதிருப்பதே வருத்தத்திற்குரியது.

இலங்கையில் தேசிய தொழிற்றகைமை என்னும் ஒழுங்கு ஏழு மட்டங்களைக் கொண்டது. ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்து 'என்.வி.கியூ.' என்று இளைஞர் வழங்குவது இதனையே. முதல் நான்கு மட்டங்கள் கைத்தொழிலாளருக்குரிய சான்றிதழ்கள்; ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள்; ஏழாவது பட்டம். நான்காம் மட்டத்தைப் பெற்றவர் பிறர் மேற்பார்வையின்றித் தாமே வேலையைப் பொறுப்பேற்றுச் செய்யவல்லவர் என்பது பொருள். இந்தச் சான்றிதழை வகுப்பிலே இருந்து படித்துப் பெறலாம். வேலைத்தலத்திலே பயிலுநராக இருந்தும் பெறலாம். மூன்றாவது வழியொன்றும் இருக்கிறது. அதற்கு முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். எங்கே கற்றீர், யாரிடம் கற்றீர், எத்தனையாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டீர் என்பதை விட்டு, வேலை தெரியுமா என்று மட்டும் பார்ப்பது இம்முறை.

இதன் நடைமுறையைச் சற்று விரித்துக் கூறுவோம். விண்ணப்பித்தவரிடம் முதலிலே அவர் செய்த வேலைகளுக்கு ஆதாரம் கேட்பார்கள். வேலை கொடுத்தவர் எழுதிய கடிதம், கட்டிய சுவரின் படம், முன்பு பெற்ற ஏதேனும் பத்திரம் என்பன எல்லாம் ஆதாரமாகும். பின்னர் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் முன்னிலையிலே அவர் வேலையைச் செய்து காட்டவேண்டும். மேசனாயின் கல் வைத்தல், பூச்சு, மட்டம் பார்த்தல், பாதுகாப்பு என்று தொழில் பல கூறுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கூறுக்கும் விடை இரண்டே: தேர்ச்சியுற்றார், அல்லது இன்னும் தேர்ச்சியுறவில்லை. 'சித்தியெய்தவில்லை' என்ற சொல் அங்கே இல்லாதிருப்பதை நாம் மெச்சுகிறோம். குறைவுபட்ட கூறை மட்டும் பழகிக்கொண்டு மீண்டும் வரலாம்.

ஒரு நாட் கூலியை இழந்து அலுவலகத்திற்கு நடப்பது அன்றாடம் உழைத்து உண்பவருக்குச் சிறிய காரியமன்று என்பதையும் மறந்துவிடலாகாது. "ஒரு நாள் போனால் ஒரு நாட் சாப்பாடு போச்சு" என்று மேசனார் சொன்னபோது நம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

மூத்தவர் நிலை இவ்வாறாக, இளையவர் நிலை வேறு. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது. அதே அறிவியல் நகரிலே, ஜெர்மன் நாட்டின் உதவியுடன் 2016 ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்ற இலங்கை-ஜெர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. மோட்டார் வாகனம், கட்டடம், உணவுத் தொழில்நுட்பம் முதலியன அங்கே பயிற்றப்படுவன. மகன் பொறியியற் பீடத்திற்குப் போகிறான் என்றால் கோயில் வீதியிலே நின்று நான்கு பேருக்குச் சொல்லுவோம். பயிற்சி நிறுவனத்திற்குப் போகிறான் என்றாலோ, "ஏன், உயர்தரம் சரிவரவில்லையோ?" என்று கேட்கிறோம். கேட்கிறவர் வீட்டிலே தண்ணீர்ப் பம்பி பழுதாகி, திருத்த ஆள் கிடையாமல் மூன்று நாள் ஆகியிருக்கும்!

இந்த மனப்பான்மை நேற்று வந்ததன்று. மருதானையிலே தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது 1893 இல். 1958 இலே பஸ் சேவை தேசியமயமானதையடுத்து, அந்த வாகனங்களைப் பேணவல்லாரை உருவாக்க ஜெர்மன் உதவியுடன் வெரஹெரவிலே பயிற்சி தொடங்கிற்று; பின்னர் மொறட்டுவைக்கு இடம்மாறிய அந்நிறுவனம் இன்றும் பெயர்பெற்றது. இவை இருந்தும் படித்த பிள்ளைகள் மேசை உத்தியோகத்தையே பார்த்திருந்தார்கள். 1971 ஏப்ரிலிலே இளைஞர் கிளர்ச்சி வெடித்த அதே ஆண்டில், டட்லி சீர்ஸ் என்ற பொருளியலறிஞர் தலைமையில் சர்வதேச தொழில் தாபனத்தின் குழுவொன்று இந்நாட்டின் வேலையின்மையை ஆராய்ந்து அறிக்கை தந்தது. கல்வி வளர்த்துவிட்ட எதிர்பார்ப்பும் நாட்டிலே உள்ள வேலைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது அக்குழு கண்ட முக்கியமான காரணங்களுள் ஒன்று. பயிலுநர் பயிற்சிக்கென ஒரு தேசிய சபை சட்டமூலம் அமைந்ததும் அதே 1971 இலேதான். இன்றைய தேசிய பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை அதன் வழிவந்தது.

இனி, எங்கே போய்க் கேட்பது? மாவட்டச் செயலகத்திலே, அதாவது நம் பெரியோர் இன்றும் கச்சேரி என்று வழங்கும் இடத்திலே, மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் சேவை உண்டு. வேலை தேடுவோர் பெயரைப் பதிந்து, எத்தொழில் பொருந்தும் என்ற ஆலோசனையும் பெறலாம். 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொழிற்பயிற்சி அதிகாரசபைக்கு மாவட்டந்தோறும் நிலையங்கள் இருக்கின்றன. மேற்சொன்ன பயிலுநர் அதிகாரசபையோ பிள்ளையை ஒரு கராஜிலோ ஹோட்டலிலோ சேர்த்துவிட்டு வேலையோடு வேலையாகப் பழக்குவது. நான்காம் மட்டத்தோடு நின்றுவிட வேண்டியதுமில்லை. தகுதியுள்ளவர் படிப்படியாக ஏறி, இரத்மலானையிலே 2008 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தொழில்நுட்பவியற் பல்கலைக்கழகத்திலே பட்டமும் பெறலாம்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. பட்டினத்து வீதிகளிலே பளபளக்கும் பலகை தொங்கவிட்ட தனியார் நிலையங்கள் பல. நகையை அடகு வைத்துப் பணம் கட்டுமுன், இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேளுங்கள். நிலையம் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவிலே பதியப்பட்டுள்ளதா? பிள்ளை படிக்கப்போகும் அந்தக் குறிப்பிட்ட பாடநெறி தரச்சான்று பெற்றதா? முதற் கேள்விக்கு 'ஆம்' என்ற விடை இரண்டாவதற்கும் விடையாகிவிடாது. நிலையம் பதிவாகியிருந்தும் பாடநெறி தரச்சான்று பெறாதிருக்கலாம். அப்போது பிள்ளை கொண்டுவரும் தாள் சுவரிலே மாட்டுவதற்கு மட்டுமே உதவும். நமக்குத் தெரிந்த பெண்ணொருத்தி முதியோர் பராமரிப்பென்று ஓராண்டு படித்த பின்னரே இதனை அறிந்தாள்.

மேசனார் கதைக்கு வருவோம். நாம் எடுத்துச் சொன்ன பின்னரும் இரண்டு மாதம் அவர் அசையவில்லை. "இந்த வயதிலே சோதனையோ? பெடியள் சிரிப்பார்கள்" என்றார். ஈற்றிலே மனைவியார்தாம் ஒரு திங்கட்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு போனார். இப்போது ஆதாரம் சேர்க்கும் வேலை நடக்கிறது. அவர் தனித்துப் பொறுப்பேற்றுக் கட்டிய முதல் வீட்டின் உரிமையாளர் கனடாவிலே இருக்கிறார். அவரிடமிருந்து சென்ற வாரம் வாட்ஸப்பிலே ஒரு கடிதம் வந்தது. கூடவே அந்த வீட்டின் பழைய படமும் வந்தது. படத்திலே சாரத்தின் மேல், சாந்தகப்பையும் கையுமாக மீசை அரும்பிய இளைஞன் ஒருவன் நிற்கிறான். அதனைப் பெரிதாக்கி அச்சிட எவ்வளவு செல்லும் என்று நேற்று நம்மிடம் வந்து விசாரித்தார்.